மகளின் பேச்சுப் போட்டி: நெப்போலியன் வீழ்ந்தது குளிராலா?

வணக்கம் சகோதரி. "ரஷ்யக் குளிர்தான் நெப்போலியனை வீழ்த்தியது" என்று மகள் பேசலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 1812 ஜூனில் அவர் ரஷ்ய எல்லையிலிருந்த நேமன் ஆற்றைக் கடந்து படையெடுத்தபோது கோடைக்காலம். வெயில், திடீர் மழை, பச்சைப் பயிரை மேய்ந்து வயிறு கெட்டுச் செத்த குதிரைகள், பின்தங்கிய உணவு வண்டிகள், டைஃபஸ் காய்ச்சல். மாஸ்கோவை எட்டும் முன்பே முதன்மைப் படையில் பெரும்பகுதி கரைந்துவிட்டது! மிச்சத்தைத்தான் குளிர் முடித்தது. பனிக்கேற்ற லாடம் இல்லாத குதிரைகள் வழுக்கி விழ, பீரங்கிகள் வழியிலேயே கிடந்தன.

என்னைக் கேட்டால், சரிவை 1808 ஸ்பெயினிலிருந்தே தொடங்கச் சொல்வேன். அண்ணன் ஜோசப்பை அங்கே அரியணையில் ஏற்றியது பெரிய பிழை. அவர் முதலில் பெயர் பெற்ற துலோன் துறைமுக முற்றுகை (1793), பேரரசராக முடிசூட்டு (1804) எல்லாம் இரண்டு வரி போதும். ஜெர்மனியில் அவர் தோற்ற லைப்சிக் போரை (1813) மட்டும் விட்டுவிடாதீர்கள். அவரது கடைசித் தோல்வியான வாட்டர்லூவைவிட அதுதான் பேரரசை உடைத்த போர்.