பணம் எடுக்க மறந்தது கம்பெனி, அபராதம் எனக்கா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். வீட்டு பிராட்பேண்டுக்கு வரியோடு மாதம் 707 ரூபாய். பென்ஷன் கணக்கிலிருந்து கம்பெனியே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருந்தேன். 2024 மே வரை எடுத்தார்கள், ஜூனிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அது தெரியவே இல்லை, இணைப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2025 ஆகஸ்டில் திடீரென்று இணைப்பை நிறுத்திவிட்டு, 14 மாத பாக்கி 9,898, தாமதக் கட்டணம் 1,400, ஆக மொத்தம் 11,298 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கேட்டால், "சிஸ்டம் மாற்றியதில் உங்கள் மேண்டேட் விட்டுப்போச்சு" என்று பதில். பணம் எடுக்க நான் எழுதிக் கொடுத்த அனுமதியைத்தான் மேண்டேட் என்கிறார்கள். என் கணக்கில் ஒருநாளும் பணம் இல்லாமல் இருந்ததில்லை. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் 9 நாள் லைனே இல்லை, அதற்கும் வாடகை போட்டிருக்கிறார்கள். போனில் வசூலுக்குப் பேசுகிறவர் போலீஸ் வரும் என்கிறார். அவர்கள் செய்த தப்புக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: ஐயா, முதலில் போலீஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். தொலைபேசி பில் பாக்கி வெறும் கடன்தான், அதற்காக யாரையும் கைது செய்ய மாட்டார்கள். வழக்குப் போடலாம், நோட்டீஸ் அனுப்பலாம், அவ்வளவுதான். நாற்பது வருஷம் பாடம் நடத்தியவரைக்கூட ஒரு போன் மிரட்டல் தூங்கவிடாமல் செய்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, பேசுகிறவர் கம்பெனி ஆள்தானா? அவர் அனுப்பும் லிங்கில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், கம்பெனியின் சொந்த ஆப்பிலோ அலுவலகத்திலோ பாக்கியைச் சரிபார்த்த பிறகுதான் பணம். மோசடி என்று தெரிந்தால் உடனே 1930.

சரி, பணத்துக்கு வருவோம். உங்களுக்குப் பிடிக்காத பாதியை முதலில் சொல்கிறேன். வாடகைப் பணம் கட்ட வேண்டியதுதான். பால்காரர் மூன்று மாதம் காசு கேட்டு வரவில்லை என்பதற்காகக் குடித்த பால் இலவசமாகிவிடாது. கம்பெனி கேட்க மறந்ததால் கடன் அழியாது, மூன்று வருஷம் வரை அவர்கள் வழக்குப் போட்டுக் கேட்கலாம், காலவரையறைச் சட்டம் 1963 தரும் கெடு அது. உங்கள் பாக்கியில் எந்த மாதமும் அந்தக் கெடுவைத் தாண்டவில்லை.

ஆனால் அந்த 1,400 ரூபாய் வேறு கதை. தாமதக் கட்டணம் என்பது தாமதம் செய்தவர் தரவேண்டியது. நீங்கள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டீர்கள், பெட்டியில் பணமும் இருந்தது, திறக்காமல் விட்டது அவர்கள். கொடுக்கிறவர் தயாராக இருந்தும் வாங்க வேண்டியவர் வாங்காமல் விட்டால் தவறு கொடுக்கிறவருடையது ஆகாது என்பது 1872 ஒப்பந்தச் சட்டம் 38ஆம் பிரிவின் நியாயம், அதை வைத்து நீங்கள் தாராளமாக வாதாடலாம். அவர்களும் ஒன்று சொல்வார்கள், "ஆட்டோ டெபிட் நடக்காவிட்டால் கடைசித் தேதிக்குள் வாடிக்கையாளரே கட்ட வேண்டும்" என்று விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதனால்தான் டெபிட் ஏன் நடக்கவில்லை என்பதைக் காகிதத்தில் காட்டுவது அவசியம்.

எப்படி என்று கேட்டால், பாஸ்புக்கை எடுங்கள். கம்பெனி பணம் கேட்டு, கணக்கில் போதாமல் திரும்பியிருந்தால் வங்கி அதற்கென்று ஒரு தண்டக் கட்டணம் பிடித்திருக்கும், பாஸ்புக்கில் அந்த வரி தெரியும். அப்படி ஒரு வரியுமே இல்லை என்றால் கம்பெனி கேட்கவே இல்லை என்று பெரும்பாலும் அர்த்தம். கிளைக்குப் போய், "2024 ஜூன் முதல் இந்த மேண்டேட்டுக்குக் கோரிக்கை எதுவும் வந்ததா" என்று எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வங்கி "வரவில்லை" என்று தரும் ஒரு கடிதம் போதும், அதற்கு மேல் பெரிய சாட்சி வேண்டாம். அதோடு "சிஸ்டம் மாற்றினோம்" என்று கம்பெனி வாயால் சொன்னதை மின்னஞ்சலில் சொல்ல வையுங்கள்.

(கார்டில் ஆட்டோ டெபிட் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டு மாறினால் பழைய ஏற்பாடு பல நேரம் அதோடு நின்றுவிடும். என் அம்மாவுக்கு அப்படி நடந்து நான்கு மாதம் நான் கவனிக்கவில்லை. அது எங்கள் பக்கத்துத் தவறு, தாமதக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கட்டினேன். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும், ஒரு மாதம் அது வரவில்லை என்றாலே விசாரியுங்கள்.)

வெள்ளத்தில் லைன் இல்லாத 9 நாளுக்கு வாடகை ஏறக்குறைய 212 ரூபாய் வருகிறது, அதையும் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். தென்பெண்ணை ஊருக்குள் வந்த நாட்கள் அவை, கடலூரில் யாருக்கும் அதை நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆக 9,686 ரூபாய் உங்கள் கணக்கு. அதைக் கட்டத் தயார், தவணை கொடுங்கள், தாமதக் கட்டணத்தை நீக்குங்கள், இணைப்பைத் திரும்பக் கொடுங்கள் என்று நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். கஸ்டமர் கேரில் புகாரைப் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள். அங்கே தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும், செலவு கிடையாது, அவர்கள் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துப் பல வருஷம் மக்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் தாராளமாகப் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பேசிப் பாருங்கள், பல புகார் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் வங்கிக் கணக்கை முடித்ததும் அவருடைய போஸ்ட்பெய்ட் பில் கட்டுப்படாமல் ஏறிக்கொண்டே போய், இப்போது என்னைக் கேட்கிறார்கள். நான் கட்ட வேண்டுமா? (வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: அம்மா, அப்பாவின் கடனுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்து எவ்வளவு உங்கள் கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு, உங்கள் சம்பளத்திலிருந்து அல்ல. இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்து, அந்தத் தேதிக்குப் பிறகு யாரும் பேசாத எண்ணுக்குப் போட்ட வாடகையை நீக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது அந்த எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் அதைக் கட்டிவிடுவதுதான் சரி. ஒன்று மட்டும் அவசரப்படாதீர்கள், எண்ணை உடனே ரத்து செய்துவிட வேண்டாம். இன்ஷூரன்ஸ், கேஸ் இணைப்பு என்று அப்பா பேரில் இருப்பதற்கெல்லாம் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வாரிசு என்று காட்டி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அந்த வேலைகள் முடிந்த பிறகு நிறுத்துங்கள்.