பெக்காம் வைத்தால் எப்படி இருக்கும்? வலிக்குமா?

தோலில் கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிடுவதுதான் பெக்காம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வெட்டி, நாள் முழுக்க அண்ணாந்தே பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள் இதைத் தேடிப் போவதுண்டு.

வலி என்று சொல்ல முடியாது, இறுக்கம். சின்ன வயதில் டம்ளரை வாயில் வைத்துக் காற்றை இழுத்து ஒட்டவைத்து விளையாடியிருப்பீர்களே, அதே பிடிதான், முதுகில். உள்ளே காற்றழுத்தம் குறைவதால் தோலும் சதையும் மேலே இழுபடுகின்றன. முதலில் சுருக்கென்று இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் முறையும் உண்டு. அதில் எரிச்சல் அதிகம், கிருமித் தொற்று ஆபத்தும் இருக்கிறது. பிளேடு புதுசா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. கழுத்து, முதுகு வலிக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கலாம், சரி. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவது விபரீதம்.

கிண்ணம் வைத்த இடத்தில் விழும் கருஞ்சிவப்பு வட்டங்களைக் காட்டி ‘கெட்ட இரத்தம்’ என்பார்கள். அது தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து கசிந்த சாதாரண இரத்தம்தான், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறையும்.