ஏசி வேண்டாம், ஹீட்டர் வேண்டும்: கேள்வி-பதில்

காரில் ஏசியைக் கழற்றிவிட்டு ஹீட்டரை மட்டும் வைத்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளில், திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய காரைச் சீரமைப்பவர்களும் இருக்கிறார்கள், கம்ப்ரஸர் (ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப்) செத்துப்போய் மாற்ற மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: எஞ்சின் பக்கம் இருப்பதை எடுங்கள், டேஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள். ஹீட்டர் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஏசியை முழுதாகக் கழற்றினால் ஹீட்டரும் போய்விடாதா?

போகாது. ஹீட்டருக்குச் சூடு கொடுப்பது எஞ்சின் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்க அதற்குள் சுற்றும் திரவம். ஓடிச் சூடான எஞ்சினில் அது 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், அந்தக் கூலண்டில் ஒரு பங்கு டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயில் வழியாகப் போய்த் திரும்புகிறது. ஏசி வேறு கேஸ், வேறு பைப், வேறு பம்ப். இரண்டும் சந்திக்கிற ஒரே இடம் அந்தக் காற்றுப் பெட்டிதான். ஃபேன் தள்ளும் காற்று முதலில் ஏசியின் கூலிங் காயிலைத் தாண்டி, அப்புறம் எவ்வளவு சூடு வேண்டுமோ அதற்கேற்ப ஹீட்டர் காயில் பக்கம் திருப்பிவிடப்படுகிறது.

ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டில், எந்தப் பைப் எதனுடையது என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். ஏறக்குறைய ஒரே தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ், எஞ்சின் சூடானதும் இரண்டும் கொதிக்கிறது என்றால் அது ஹீட்டர். ஒன்று ஒல்லி, ஒன்று தடி என்று இரண்டு அலுமினியப் பைப் இருந்தால் அது ஏசி. ரப்பர் ஹோஸில் கை வைக்கவே வேண்டாம்.

கேள்வி: கூலிங் சுத்தமாக இல்லை, கேஸ் எப்போதோ லீக் ஆகியிருக்கும். நேராகப் பைப்பைக் கழற்றிவிடலாமா?

கூடாது. கூலிங் இல்லை என்பதால் கேஸ் இல்லை என்று ஆகாது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினாலே பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது, மிச்சக் கேஸ் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் நட்டைத் தளர்த்தினால் கேஸும் எண்ணெயும் சேர்ந்து முகத்தில் பீய்ச்சும். பல கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸின் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி, கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

உங்கள் கண் மட்டும் விஷயமில்லை. ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது ஆயிரம் கிலோவுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும். மிகப் பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தையே அரித்தது, 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்ததற்கு அந்த வகைக் கேஸ்கள்தான் காரணம். வேண்டுமென்றே திறந்துவிடுவது பல நாடுகளில் குற்றம். புதிய கார்களின் ஆர்-1234ஒய்எஃப் சூழலுக்குப் பரவாயில்லை, ஆனால் தீப்பற்றக்கூடியது. எனவே முதல் வேலை, ஏசி வேலை செய்கிற கடைக்குக் கொண்டுபோய் மெஷின் போட்டுக் கேஸை உறிஞ்சி எடுக்கச் சொல்வது. அதற்குப் பிறகும் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். பைப்பைக் காஸ் டார்ச்சால் அறுக்கிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்: இந்தக் கேஸ் தீயில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும், அது நுரையீரலைப் பொசுக்கும் விஷம்.

கேள்வி: கம்ப்ரஸரை எடுத்துவிட்டால் பெல்ட் என்ன ஆகும்?

இந்த வேலையிலேயே யோசித்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான். பழைய கார்கள் பலவற்றில் கம்ப்ரஸருக்குத் தனி பெல்ட், கழற்றிப் போட்டால் முடிந்தது. ஒரே நீள பெல்ட் எல்லாவற்றையும் சுற்றுகிற எஞ்சினில் கம்ப்ரஸரை எடுத்ததும் பெல்ட் தொளதொளவென்று தொங்கும். அப்போது மூன்று வழி. உங்கள் எஞ்சினே ஏசி இல்லாத மாடலிலும் வந்திருந்தால் அந்த மாடலின் பெல்ட்டையும், தேவைப்பட்டால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் வாங்கிப் போடுங்கள், இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. அப்படி ஒரு மாடல் இல்லையென்றால் கம்ப்ரஸர் இருந்த இடத்தில் எதையும் ஓட்டாமல் சும்மா சுற்றும் ஐட்லர் புல்லி ஒன்றைப் பொருத்தி, பழைய பெல்ட்டையே ஓட்டலாம். மூன்றாவது, புல்லிகளைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி நீளம் அளந்து சின்ன பெல்ட் தேடுவது. பெல்ட்டின் முதுகில் 6பிகே1795 என்பது போல எழுதியிருக்கும்: நீளவாக்கில் ஓடும் 6 வரி, 1795 மில்லிமீட்டர் நீளம். நூல் அளவு தோராயம்தான், டென்ஷனர் அதன் ஓட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதுப் பாதையில் வாட்டர் பம்ப் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கட்டாயம் பாருங்கள். பெல்ட்டின் வரிப் பக்கத்துக்குப் பதில் முதுகுப் பக்கம் பட்டால் பம்ப் தலைகீழாகச் சுற்றும், எஞ்சின் கொதிக்கும். அதேபோல ஆல்டர்னேட்டர் புல்லியை பெல்ட் போதிய அளவு சுற்றிப் பிடிக்கவில்லையென்றால் வழுக்கும், பேட்டரி சார்ஜ் ஆகாது.

கம்ப்ரஸரை அப்படியே விட்டுவிட்டால்? புல்லியைக் கம்ப்ரஸரோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் உள்ள வகை என்றால் தாராளமாக விடலாம், கிளட்ச் பிடிக்காதவரை வெளிப்புல்லி மட்டும் தன் பேரிங்கில் சுற்றும், அந்தப் பேரிங் நன்றாக இருந்தால் போதும். கிளட்ச் இல்லாமல் எப்போதும் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் புது வகை என்றால் விடாதீர்கள். அதற்கு எண்ணெயைச் சுமந்து வருவதே கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடினால் ஒருநாள் இறுகும், பெல்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கேள்வி: டேஷ்போர்டைப் பிரித்து உள்ளே இருக்கும் கூலிங் காயிலையும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. அது சுமை இல்லை, ஹீட்டருக்கு இடைஞ்சல் இல்லை, காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். ஃபயர்வாலில் வெளியே நீட்டியிருக்கும் இரண்டு முனைகளுக்கும் மூடி போட்டுவிடுங்கள். எப்படியும் டேஷ்போர்டு வெளியே வரப்போகிறது என்றால் எடுக்கலாம், ஆனால் பைப் வந்த ஓட்டையைத் தகடு வைத்து முழுதாக அடைக்க வேண்டும். திறந்து கிடந்தால் எஞ்சின் பக்கத்துப் புகை, கார்பன் மோனாக்சைடு உட்பட, நேராக உள்ளே உட்காருபவர்களிடம் வரும்.

கேள்வி: கண்டென்சரை எடுத்தால் எஞ்சின் இன்னும் கூலாக ஓடுமா?

கொஞ்சம் உதவும். கண்டென்சர் என்பது ஏசி கேஸின் சூட்டை வெளியேவிடும் காயில், அதை எடுத்தால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தடுப்பு குறைகிறது. ஆனால் சில கார்களில் முன்னால் கண்டென்சரோடு இருக்கும் ஃபேனும் ரேடியேட்டருக்குத்தான் வேலை செய்கிறது, அதையும் சேர்த்துக் கழற்றிவிட்டால் டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் ஏறும். ஓரத்து ஃபோம் பட்டைகளை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டர் வழியே போகாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். கண்டென்சர் இதுவரை கல்லடி வாங்கிக் காத்தது, இனி அந்த இடத்தில் ஒரு கம்பி வலை போடுவது நல்லது. வயரிங்கில், ஏசி ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன் அதே ஃபியூஸ் ரேடியேட்டர் ஃபேனுக்கும் போகிறதா என்று பாருங்கள். பிரஷர் சென்சரைக் கழற்றினால் சில கார்களில் ஃபேன் நிற்காமல் ஓடும், அப்படியானால் சென்சரை வயரிலேயே மாட்டித் தொங்காமல் கட்டிவிடுங்கள்.

கேள்வி: மைலேஜ் கூடுமா?

ஏசியை அணைத்தே ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: மழையில் கண்ணாடி பனி மூடுவதை எப்படிச் சமாளிப்பது?

இதை முன்கூட்டியே யோசித்தவரைப் பாராட்ட வேண்டும், பலர் கழற்றிய பிறகுதான் கவனிக்கிறார்கள். ஏசி காற்றைக் குளிர வைப்பதோடு அதில் இருக்கும் ஈரத்தையும் நீராக வடித்துவிடும், அந்த வசதி இனி இல்லை. எனவே உள்காற்றையே திரும்பச் சுழலவிடும் உள்சுற்றை அணைத்து வெளிக்காற்றை எடுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்குங்கள். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும், கண்ணாடியும் சூடாவதால் நீர் படியாது. கண்ணாடியின் உள்பக்கத்தை எண்ணெய்ப் படலம் இல்லாமல் துடைத்து வைப்பதும், நனைந்த மேட்டை வண்டிக்குள் விடாமல் இருப்பதும் பெரிய உதவி. ஆனால் வெளியே புழுக்கமான மழை என்றால் ஹீட்டரை நீங்களே தாங்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட ஊரில் தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் ஏசியைக் கழற்றாதீர்கள், பழுது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது ஹைப்ரிட். இதே முறைதானா?

இல்லை, தொடவே வேண்டாம். பெரும்பாலான ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரஸர் ஓடுவது உயர் மின்னழுத்தத்தில், அந்த ஆரஞ்சு நிற வயர் உயிரை எடுக்கும். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர வைப்பதும் இதே ஏசிதான், சிலவற்றில் ஹீட்டரே ஹீட் பம்ப்பாக (ஏசியையே தலைகீழாக ஓட்டிச் சூடு எடுக்கும் அமைப்பு) இதோடு இணைந்திருக்கும்.

கேள்வி: பின்னால் மனசு மாறினால் மறுபடி மாட்ட முடியுமா?

முடியும், கழற்றுகிற அன்றே அதற்கு வழி செய்துவைத்தால். கழற்றிய எல்லா முனைகளையும் உடனே மூடுங்கள், ஏசி எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். பிராக்கெட், போல்ட் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று எழுதி ஒரே பையில் போடுங்கள். திரும்ப மாட்டும்போது கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளும் கட்டாயம் புதிது போட வேண்டும், அப்புறம் வாக்கூம் போட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, லீக் பார்த்து, அதன்பிறகுதான் கேஸ்.