மாறினால் வந்து சொல்லுங்கள்

ஐயா,
ஒரு தலைவர் நிலைப்பாட்டை மாற்றினால் உடனே பச்சோந்தி என்கிறோம். புதிய ஆதாரம் கிடைத்தால் மாறுவதுதானே அறிவு? அண்ணா 1963-ல் திராவிட நாட்டைக் கைவிட்டதும் அப்படித்தானே? மாறுகிறவரை நம்பி ஓட்டுப் போடலாமா?
வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

அண்ணாவை விடுங்கள். பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அதனால் எடுத்த முடிவு அது. ஆதாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இப்படி ஒரு கடிதத்தில் கூடங்குளத்தைப் பற்றி ஒரு வரி இல்லையே, எப்படி மறந்தீர்கள்?

மக்களின் அச்சம் தீரும்வரை அணு உலை வேலையை நிறுத்துங்கள் என்று 2011 செப்டம்பரில் ஜெயலலிதாவின் அமைச்சரவை தீர்மானம் போட்டது. அந்த நாட்களில் உலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையில், போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். பெண்கள் மடியில் சுளகை வைத்து பீடி சுற்றியபடியே உண்ணாவிரதம் இருப்பார்கள். கூலி போய்விடக் கூடாதே. “அந்தம்மா நம்ம பக்கம்லா நிக்காவ” என்றார் ஒரு அக்கா, இலையை வெட்டிக்கொண்டே. அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம் மாநில அரசு நிபுணர் குழு போட்டது, உலை பாதுகாப்பானது என்று குழு சொன்னது. 2012 மார்ச் 19-ல் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. முந்தின நாள்தான் சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு! கூடவே 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம், ராதாபுரம் தாலுகாவில் 144 தடை, ஊரைச் சுற்றிப் போலீஸ்.

அறிக்கையைப் படித்து உண்மையிலேயே மனம் மாறியிருக்கலாம். அதை நான் குற்றம் சொல்லவே மாட்டேன். ஆனால் தன்னை நம்பி உட்கார்ந்திருந்த அந்த அக்கா முன்னால் வந்து, “நானும் பயந்தேன், இன்னின்ன விஷயம் தெரிந்தது, பயம் போயிற்று” என்று சொல்லியிருக்க வேண்டாமா? முதல்வர் வரவில்லை, போலீஸ் வந்தது. தன் மனம் மாறிய காரணத்தை நேரில் வந்து சொல்லாமல் மாறினால், அது ஆதாரத்தால் வந்ததா, தேர்தல் முடிந்ததால் வந்ததா என்று ஜனங்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள்?

ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த மெர்கல் இயற்பியல் படித்தவர். 2010-ல் அணு உலைகளின் ஆயுளை நீட்டியவரும் அவர்தான். ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, 2011 ஜூனில் நாடாளுமன்றத்தில் எழுந்து, எந்த நம்பிக்கையில் அந்த அபாயத்தை ஏற்றேன், ஜப்பான் மாதிரி நாட்டில் நடந்தது அதை எப்படி மாற்றியது என்று விளக்கினார். அங்கேயும் மாநிலத் தேர்தல்கள் இருந்தன, சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் சண்டை போடுவதற்காவது அவர்கள் கையில் ஒரு காரணம் இருந்தது. இடிந்தகரைக்குக் கிடைத்தது குழுவின் முடிவு மட்டும்தான், முதல்வர் மனம் மாறிய கதை அல்ல.

ஓட்டு விஷயம் உங்கள் பாடு. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளியூர் போய் இடிந்தகரை பஸ் பிடியுங்கள். பந்தலில் உட்கார்ந்தவர்களிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.