புதுசா வெட்டிய குட்டையில் உயிர் எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். குட்டைத் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி உற்றுப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. புதுக் குட்டைகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: சார், ஆடியில் பண்ணைக்குட்டை வெட்டினோம். ஐப்பசி மழையில் நிரம்பியது. மூன்று வாரத்தில் டம்ளரில் மொண்டு பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளுகின்றன. பக்கத்தில் வாய்க்கால்கூடக் கிடையாது. எப்படி வந்தன?

பதில்: துள்ளித் துள்ளி மேலே ஏறி, மெதுவாக இறங்கினால் அது நீர்த்தெள்ளு. டாஃப்னியா, மொய்னா எல்லாம் இந்த வகைதான். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது முட்டையாக வந்திருக்கும்.

நீர்த்தெள்ளு சாதாரண நாளில் ஆணே இல்லாமல் பெற்றுப் பெருகும். தண்ணீர் வற்றத் தொடங்கினாலோ, கூட்டம் நெருக்கினாலோதான் ஆண் பிறக்கும். அப்போது இணை சேர்ந்து இடுவது வேறு மாதிரி முட்டை. டாஃப்னியாவில் இரண்டு முட்டைகளைக் கருத்த, கெட்டியான ஓர் உறைக்குள் வைத்து மூடிவிடும். பார்க்கக் குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். வெயிலில் காய்ந்தாலும் சாகாது. தண்ணீரில் மிதக்கும், பறவையின் இறகிலும் காலிலும் ஒட்டும். அதில் ஒன்று பொரித்தால் போதும். பொரித்து வருவது பெண், அதற்குத் துணை தேவையில்லை. வாரத்துக்கு ஒரு தலைமுறை, தலைக்குப் பத்துக் குஞ்சு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்தாவது வாரம் லட்சத்தில் நிற்கும்.

வெட்டி வெட்டி ஓடுகிறது, வால் பக்கம் இரண்டு பை தொங்குகிறது என்றால் அது சைக்ளோப்ஸ். அதற்கு ஆணும் வேண்டும். ஆனால் ஒரு முறை சேர்ந்த பெண், விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அதிலும் ஒருத்தி வந்தால் குடும்பம் உண்டு.

கேள்வி: முட்டையைக் கொண்டுவருவது காற்றா, பறவையா? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பதில்: இரண்டும்தான். அருகருகே உள்ள குட்டைகளுக்குக் காற்று. காய்ந்த சேறு தூசியாகப் பறக்கும்போது முட்டையும் போகும். தூரத்துக்குப் பறவை. காலில் ஒட்டிய சேற்றில் மட்டுமல்ல, வயிற்றுக்குள்ளும். வாத்து தின்ற முட்டைகளில் ஒரு பங்கு எச்சத்தோடு உயிருள்ளதாகவே வெளியே வருகிறது.

பிள்ளைகளுக்கு டார்வின் கதையைச் சொல்லுங்கள். வாத்தின் காலை மீன்தொட்டியில் தொங்கவிட்டு, நத்தைக் குஞ்சுகள் அதில் ஏறி ஒட்டுவதையும், தண்ணீருக்கு வெளியே 12 முதல் 20 மணி நேரம் வரை அவை பிழைத்ததையும் பார்த்தவர் அவர். 1882 ஏப்ரலில், இறப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன் வெளியான அவருடைய சிறு கட்டுரையும் இதைப் பற்றியதுதான்: காலில் குட்டிச் சிப்பி கவ்வியிருந்த ஒரு நீர்வண்டு. அதைப் பிடித்து அனுப்பியவர் வால்டர் கிரிக் என்ற செருப்புத் தொழில்காரர். டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்த பிரான்சிஸ் கிரிக்கின் தாத்தா!

நம்மையும் விட்டுவிடாதீர்கள். பிரான்சின் கமார்க் சதுப்பு நிலத்தில் ஆய்வாளர்களின் பூட்ஸிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிய சேற்றைச் சோதித்தபோது அதில் இந்த முட்டைகள் இருந்தன. நம் ஊரில் பாதி வேலையை ஜேசிபியும் எருமையும் பார்க்கின்றன என்பது என் கணிப்பு.

கேள்வி: காய்ந்த மண்ணில் எத்தனை வருஷம் தாங்கும்?

பதில்: குளத்து வண்டலில் பல பத்தாண்டுகள் கிடப்பது சாதாரணம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஏரி ஒன்றின் அடிச்சேற்றிலிருந்து சுமார் 700 ஆண்டு பழைய டாஃப்னியா முட்டையைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். சக்கர உயிரி, அதாவது ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிர், இன்னும் ஒரு படி மேல். சைபீரிய உறைமண்ணில் 24,000 ஆண்டு கிடந்தது எழுந்து இனம் பெருக்கியதாக 2021இல் அறிவித்தார்கள். ஆகக் கொஞ்சம் பழைய வண்டல் கிடைத்தால் போதும், மழை வந்தவுடன் தூக்கம் கலைந்துவிடும்.

கேள்வி: குட்டைக்குக் கருப்பு ஷீட் விரித்தோம். தண்ணீர் விடும் முன்பே வண்டுகள் வந்து விழுகின்றன. தண்ணீர் இல்லையே, ஏன்?

பதில்: ஏமாந்து போகின்றன, பாவம். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி தளவிளைவு அடைகிறது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படித்திருப்பீர்கள். நமக்கு அது தெரியாது, நீர்ப்பூச்சிகளுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் வானத்திலிருந்தே தண்ணீரைக் கண்டுபிடிக்கின்றன. பளபளக்கும் கருப்பு ஷீட் அதைவிடப் பலமாக அந்த ஒளியைக் காட்டும். கருப்பு, சிவப்புக் கார்களின் மேல் முட்டையிடும் பூச்சிகள்கூட உண்டு. சீக்கிரம் தண்ணீர் விடுங்கள். வந்தவை அங்கேயே தங்கிவிடும்.

கேள்வி: ஒரே நாளில் இரண்டு குட்டை வெட்டினோம், இரண்டுக்கும் அதே போர்வெல் தண்ணீர். ஒன்றில் நீர்த்தெள்ளு நிறைய, இன்னொன்றில் கண்ணுக்கே தெரியாத ஏதோ மட்டும். மண்ணில் கோளாறா?

பதில்: மண்ணைச் சந்தேகப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஜென்கின்ஸ், புயிகேமா என்ற இருவர் ஒரே மாதிரி 12 புதுக் குட்டைகளை ஒரு வருஷம் கவனித்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வில் மிதவை உயிர்களின் கூட்டம் குட்டைக்குக் குட்டை வேறாகவே இருந்தது. யார் முதலில் வந்தார்கள் என்பதில்தான் விஷயம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. நீர்த்தெள்ளு முந்தினால் பாசியை வடிகட்டித் தின்றுவிடும், ரோட்டிஃபருக்கு மிச்சம் இருக்காது. இரண்டாவது குட்டையில் உங்கள் கண்ணுக்குத் தெரியாதது பெரும்பாலும் ரோட்டிஃபராக இருக்கும். பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கொசுதான் முதலில் வந்தது! கம்பூசியா மீன் விடலாமா?

பதில்: கொசு வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் வரை முடித்துவிடும். அதனால் ஆரம்பம் அதற்குச் சாதகம். பிறகு முதுகு கீழாக நீந்தும் பூச்சி, நீர்வண்டு, தட்டான் குஞ்சு எல்லாம் வந்து கணக்கைத் தீர்க்கும். இந்தியப் பெருங்கடலையே தாண்டிப் பறக்கும் அந்த மஞ்சள் தட்டான் மழைக்குட்டையைத் தேடித்தான் முட்டையிடும். இஸ்ரேலில் செய்த ஆய்வில், முதுகுநீச்சல் பூச்சி இருந்த தண்ணீரின் வாசனையை வைத்தே ஒரு வகைக் கொசு முட்டையிடாமல் போனது.

கம்பூசியா வட அமெரிக்க மீன். கொசுப்புழுவை மட்டுமா தின்னும்? நீர்த்தெள்ளு, தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு எதையும் விடாது. வீட்டு ஓரத் தொட்டி என்றால் வலை போட்டு மூடுங்கள். வயல் குட்டை என்றால் இரண்டு மாதம் பொறுங்கள். நான் ஒரு தடவை பொறுக்காமல் விட்டுவிட்டு, அந்தத் தொட்டியில் அப்புறம் பார்க்க ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: எங்கள் குட்டையில் மீன் இருக்கிறது, நாங்கள் விடவில்லை. மழையோடு விழுந்ததா?

பதில்: வரப்பு தாண்டி வெள்ளம் ஓடிய அன்று வந்திருக்கும். விரால் ஈரத் தரையில் ஊர்ந்து போகும். பனையேறிக் கெண்டையும் அப்படியே. 1791இல் தரங்கம்பாடியில் ஒரு டேனிஷ் அதிகாரி அதைப் பனை மரத்தில் பார்த்ததாக எழுதியதிலிருந்து அந்தப் பேர் உலகம் சுற்றியது. வாத்து வயிற்று வழியும் உண்டு, ஆனால் அபூர்வம்: 2020இல் வெளியான சோதனையில் 8,000 கெண்டை முட்டை ஊட்டியதில் முழுசாக வெளியே வந்தவை 18, அவற்றிலும் எல்லாமே உயிரோடு இல்லை.

கேள்வி: காத்திருக்கப் பொறுமை இல்லை. பழைய கண்மாய் மண்ணை ஒரு கூடை கொட்டலாமா?

பதில்: கொட்டலாம், வேலை செய்யும். ஈர மண்ணாக எடுக்காதீர்கள். தண்ணீர் வற்றிய ஓரத்தில் மேல்மண்ணைச் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, பிறகு ஒரு சட்டி அளவு போதும். மீன் முட்டை காயும்போது செத்துவிடும், தூங்கும் முட்டை பிழைக்கும். ஆகாயத்தாமரை உள்ள கண்மாயை மட்டும் தொடாதீர்கள். அதன் விதையும் வருஷக்கணக்கில் தூங்கும். கொட்டிய பத்தாம் நாள் ராத்திரி டார்ச்சோடு போய், டீ வடிகட்டியில் மொண்டு பாருங்கள். பகலில் அடியில் கிடப்பவை இருட்டில்தான் மேலே வரும்.