பி0106 வந்தவுடன் சென்சாரை மாற்ற வேண்டியதில்லை

வணக்கம். டர்போ டீசல் காரில் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் போனால் இழுவை குறைந்து கரும்புகை வருவதாகவும், ஸ்கேனரில் பி0106 என்ற கோளாறுக் குறியீடு காட்டுவதால் மெக்கானிக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாய்த்தொகுதி) பிரஷர் சென்சாரை மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குள் பணம் செலவழிக்க வேண்டாம்.

முதலில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் அழுத்தத்தைப் பாருங்கள். அப்போது மேனிஃபோல்டில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே என்பதால், கடல்மட்டத்தில் சுமார் 101, நீங்கள் இருக்கும் கோவையில் 96 அல்லது 97 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். வெகுவாக விலகியிருந்தால் கனெக்டரில் 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக வருகின்றனவா என்று மல்டிமீட்டரால் அளந்து, இரண்டும் சரியென்றால் மட்டுமே சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

எஞ்சின் நின்றிருக்கும்போது சரியாகக் காட்டி, ஓட்டும்போது முழு ஆக்சிலரேட்டரில் அழுத்தம் ஏறாமல் நின்றால், கரும்புகையையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் மீதுதான் சந்தேகம். கிளாம்ப் ஓரத்தில் புதிதாக எண்ணெய்க் கசிவு தெரிந்தால் காற்று அங்கேதான் வெளியேறுகிறது. அழுத்த அளவு தாமதமாக ஏறினால் சென்சாரைக் கழற்றி நுனியைப் பாருங்கள்: இ.ஜி.ஆர். (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) வழியாக வரும் புகைக்கரி எண்ணெயோடு கலந்து தார்போல் துளையை அடைத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிடுங்கள். ஊசியால் மட்டும் குத்திவிடாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.