கேஸ் மாத்திரையை எத்தனை நாள் போடலாம்?

நம்ம ஊரில் பேன்டோபிரசோல், ஒமிப்பிரசோல், ரேபிபிரசோல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கேஸ் மாத்திரை. உண்மையில் இவை கேஸைத் தொடுவதே இல்லை. வயிற்றில் அமிலம் சுரப்பதைத்தான் குறைக்கின்றன. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியே.

ஐயா, வயது 48. பீடி சுற்றுகிறேன். இடுப்பு வலி மாத்திரையோடு மெடிக்கலில் கொடுத்த பேன்டோபிரசோல் 40-ஐ நாலு வருஷமாகப் போடுகிறேன். ஒரு நாள் விட்டாலும் நெஞ்சு எரிகிறது. இது இல்லாமல் முடியாதா? (முக்கூடல் வாசகி)

வலி மாத்திரை இன்னும் ஓடுகிறதா, அதைச் சொல்லுங்கம்மா. டைக்ளோபினாக் மாதிரி ஒன்றைத் தினமும் போட்டுக்கொண்டு, கேஸ் மாத்திரையை மட்டும் நிறுத்தினால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். முதலில் விட வேண்டியது வலி மாத்திரையை.

அதை விட்டாயிற்று என்றால், இப்போது வரும் எரிச்சலைக் கண்டு பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் அமிலத்தை அடக்கி வைத்தால், நிறுத்தியதும் அது முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கும். டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறே இல்லாதவர்களுக்கு இந்த வகை மருந்தை 8 வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். பத்தில் நாலு பேருக்கு மேல் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று வந்தது. 2009-இல் வெளியான ஆய்வு அது. இல்லாத நோயை மருந்தே கொண்டுவந்த மாதிரி! அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, 40-இலிருந்து 20-க்கு இறங்கி, சில வாரம் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறையுங்கள். இடையில் எரிந்தால் ஆன்டாசிட் சிரப் போதும். 40 மாத்திரையை இரண்டாக உடைத்துப் போட்டுவிடாதீர்கள். மேல்பூச்சு உடைந்தால் மருந்து வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடும். 20 என்று தனியாகவே கிடைக்கிறது.

நாலு வருஷம் ஆகிவிட்டதால் ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்பார்மினும் போடுகிறீர்கள் என்றால் கண்டிப்பாக. நீண்ட காலம் போடுகிறவர்களில் சிலருக்கு மெக்னீசியம் குறைவதும், எலும்பு முறிவு சற்றுக் கூடுதலாக இருப்பதும் தெரிந்த விஷயம். அட்டையில் 'டி' என்று சேர்ந்திருந்தால் கூடவே டாம்பெரிடோன் என்ற வாந்தி மருந்து இருக்கிறது. அது வருஷக்கணக்கில் போடும் மருந்தே அல்ல. இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யலாம்.

சாப்பிட்ட கையோடு சுளகை மடியில் வைத்துக் குனிந்துவிட்டால் வயிறு நசுங்கி எதுக்களிக்கத்தான் செய்யும். ஒரு மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள். ஆனால் எல்லோரும் இந்த மாத்திரையை விட்டாக வேண்டும் என்பதில்லை. உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், முன்பு அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள் தொடரத்தான் வேண்டும்.

சாப்பிட்ட பின் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடலாமா? (அம்பாசமுத்திரம்)

கூடாது. அமிலம் இறைக்கும் பம்புகள் சோறு உள்ளே போனதும்தான் ஓடத் தொடங்கும். மருந்து பிடித்து நிறுத்துவது ஓடுகிற பம்பைத்தான். அந்த நேரத்தில் அது ரத்தத்தில் இருக்க வேண்டும் என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாளாகும். சாதாரண நெஞ்செரிச்சலுக்கு 4 முதல் 8 வாரம் போதும்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரல் போடுகிறார். கூடவே ஒமிப்பிரசோல். ஆபத்தா? (வள்ளியூர்)

நல்ல கேள்வி. ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைக்காமல் காக்கும் குளோபிடோக்ரல், கல்லீரலுக்குப் போய்த்தான் வேலை செய்யும் மருந்தாக மாறுகிறது. ஒமிப்பிரசோலும் எசோமிப்பிரசோலும் அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-இலேயே எச்சரித்தது. பேன்டோபிரசோலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இதய டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், குளோபிடோக்ரலைத் தொடவே கூடாது.

அப்புறம் இன்னொன்று. ராத்திரி முழுக்கச் சோடாவும் கேஸ் மாத்திரையுமாக ஓட்டிவிட்டு, விடிந்ததும் என்னிடம் வந்தார் ஒருவர். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. அப்பாவுக்கு நெஞ்சு அழுத்தி வியர்த்தால் கேஸ் என்று உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரேனிடிடின் புற்றுநோய் தருமாமே? (மேலப்பாளையம்)

அதுவும் அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரைதான். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் தரக்கூடிய மாசு இருப்பதும், சூட்டில் நாளாக ஆக அது கூடுவதும் தெரிந்ததால் 2020 ஏப்ரலில் அமெரிக்கா விற்பனையை நிறுத்தச் சொன்னது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-இல் நீக்கினார்கள். எப்போதோ போட்டதற்காகக் கலங்க வேண்டாம். வேண்டுமானால் அதே வகையில் பேமோடிடின் இருக்கிறது.

தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில், இதுவும் வெறும் வயிற்றில். எது முதலில்? (தென்காசி)

எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். சாப்பிட அரை மணி இருக்கும்போது இது. அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. கேஸ் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

மாத்திரையில் அடங்குகிறது. எண்டோஸ்கோபி எதற்கு? (பாளையங்கோட்டை)

விழுங்கும்போது அடைத்தல், தானாக எடை குறைதல், ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். (இரும்புச்சத்து மாத்திரையிலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.)

சொதி சாப்பிடலாமா? (திருநெல்வேலி டவுன்)

மதியம் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் கொழுப்பு வயிற்றில் வெகுநேரம் தங்கும்; ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் தொண்டைக்கு ஏறும். இஞ்சிப் பச்சடி உங்களுக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாக.